கல்லாவில் ஆள் இல்லாத கடை

1987-ஆம் ஆண்டு தீபாவளிக்கு இருபது நாட்களுக்கு முன், மாதுங்காவில் காப்பிக்கொட்டை வறுத்து அரைத்து விற்கும் கடைக்காரர் ஒருவர் என் வீட்டுக் கதவைத் தட்டினார். நான் அப்போது கோட்டைப் பகுதியில் ஓர் அச்சகத்தில் புரூப் திருத்துபவனாக வேலை பார்த்து வந்தேன். பிறர் எழுதியதைத் திருத்துகிறவனுக்குத் தானும் எழுத வேண்டும் என்ற ஆசை உள்ளூர இருக்கும் அல்லவா? அந்த ஆசையை அவர் எப்படியோ மோப்பம் பிடித்துவிட்டார் போலும்.

“தம்பி, கடைக்கு ஒரு நோட்டீஸ் எழுதித் தரவேண்டும். தீபாவளிக்கு வீடு வீடாகப் போடலாம் என்று பார்க்கிறேன்” என்றார்.

நான் இரண்டு இரவுகள் கண்விழித்து எழுதினேன். அரைத்தாள் அளவில், இளமஞ்சள் காகிதத்தில், பச்சையும் சிவப்புமாக இரண்டு வர்ணங்களில் அது அச்சாயிற்று. முன்பக்கம் தமிழ், பின்பக்கம் ஆங்கிலமும் வகைகளின் பட்டியலும். “அன்புடையீர்!” என்று தொடங்கி, தமிழர் எங்கே சென்றாலும் காப்பியின் மணம் அவர்களைத் தொடர்ந்து செல்வதைப் பற்றி ஒரு நீண்ட பத்தி. அதற்குக் கீழே, நான் பெரிதும் பெருமை கொண்ட ஒரு வரி: “மணத்தால் அழைக்கும், சுவையால் நிறுத்தும்.” அதற்கும் கீழே கொட்டை எழுத்தில் “தூய காப்பிப் பொடி வகைகள்” என்ற தலைப்பு. முடிவில், “விவரங்களுக்கும் விலைக்கும் நேரில் வருக. மறுபக்கம் பார்க்க.”

நாளிதழ் போடும் பையன்கள் அந்த நோட்டீஸைப் பத்திரிகைக்குள் மடித்து வைத்து மாதுங்கா, சயான், வடாலா முழுவதும் கொண்டு சேர்த்தார்கள். கோயில் வாசலிலும் கொடுத்தார்கள். அந்தத் தீபாவளிக்குக் கடையில் நிற்க இடமில்லை. கடைக்காரர் எனக்குப் பணம் கொடுக்க வந்தார், நான் வாங்கவில்லை. ஆகவே ஓராண்டு முழுவதும் மாதம் அரைக் கிலோ பொடியை வீட்டுக்கு அனுப்பி வைத்தார். என் எழுத்துக்குக் கிடைத்த முதல் சன்மானமும் கடைசிச் சன்மானமும் அதுவே.

இந்தப் பழங்கதையை இப்போது சொல்வதற்குக் காரணம் உண்டு. முப்பத்தாறு ஆண்டுகளுக்குப் பின் அதே நோட்டீஸ் என்னைத் தலைகுனிய வைத்தது. நம் சங்கத்து அன்பர்களில் சொந்தமாகத் தொழில் நடத்துவோர் பலர். அப்பளம், ஊறுகாய், பட்சணம், பித்தளைப் பாத்திரம், பட்டுப்புடைவை என்று வீட்டிலும் கடையிலும் விற்று வாழ்கிறவர்கள். அவர்களுக்கு இது உதவக்கூடும் என்றே எழுதுகிறேன்.

*

2023-ஆம் ஆண்டில் கடைப் பொறுப்பு கடைக்காரரின் மகளிடம் வந்தது. வங்கியில் வேலை பார்த்துக்கொண்டிருந்தவள். தகப்பனாருக்கு முழங்கால் வலி அதிகமானதும் வேலையை விட்டுவிட்டு வந்தாள். பெரியவர் காலையில் இரண்டு மணி நேரம் மட்டும் கல்லாவில் உட்காருவார். மற்ற நேரமெல்லாம் அவள்தான்.

ஒரு நாள் அவள் என்னிடம், “மாமா, கடைக்கு ஒரு வலைத்தளம் வைக்கலாம் என்றிருக்கிறேன். பழைய வாடிக்கைக்காரர்கள் பாதிப் பேர் பிள்ளைகளோடு புனாவுக்கும் நாகபுரிக்கும் போய்விட்டார்கள். அங்கிருந்தே கேட்டு எழுதுகிறார்கள். நீங்கள் எழுதிய நோட்டீஸையே அதில் போட்டுவிடலாமா?” என்று கேட்டாள்.

எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. “தாராளமாகப் போடம்மா, ஒரு சொல்லையும் மாற்ற வேண்டியதில்லை” என்றேன். இந்தக் கட்டுரையில் வரும் தவறுகள் அனைத்துக்கும் மூலம் அந்த ஒரு வாக்கியமே.

முதலில் நோட்டீஸைப் படம் பிடித்து அப்படியே ஏற்றினோம். கணினியின் பெரிய திரையில் அழகாகவே இருந்தது. ஆனால் இன்று வலைத்தளத்தைக் கணினியில் பார்ப்பவர்களைவிடக் கையகலக் கைபேசியில் பார்ப்பவர்களே மிகுதி. அரைத்தாள் நோட்டீஸ் அந்தக் கையகலத்தில் எறும்பு வரிசையாய்த் தெரிந்தது. விரலால் பெரிதாக்கினால் வரியின் தலை தெரியும், வால் தெரியாது.

அதைவிட மனத்தை உறுத்திய செய்தி முலுண்டிலிருந்து வந்தது. பார்வையை இழந்துவிட்ட பழைய வாடிக்கைக்காரர் ஒருவர் அங்கே இருக்கிறார். திரையில் உள்ள எழுத்தை உரக்கப் படித்துக் காட்டும் ஏற்பாடு அவருடைய கைபேசியில் உண்டு. அதைக் கொண்டுதான் அவர் நாளிதழும் கேட்கிறார். எங்கள் பக்கத்துக்கு வந்தபோது அந்தக் குரல் “படம்” என்று ஒரே சொல்லைச் சொல்லிவிட்டு நின்றுவிட்டதாம். “உங்கள் கடையில் என்னம்மா, படம் மட்டுந்தான் விற்கிறீர்களா?” என்று அவர் தொலைபேசியில் சிரித்துக்கொண்டே கேட்டாராம். அவர் சிரித்தார்; எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை.

சரி, எழுத்தாகவே போடுவோம் என்று துணிந்தோம். நோட்டீஸைப் பிற்காலத்தில் கணினியில் அச்சுக்கோத்து வைத்திருந்த கோப்பு ஒன்று இருந்தது. அதிலிருந்து எடுத்து ஒட்டியதும், தமிழ் முழுவதும் மறைந்து ஆங்கில எழுத்துக்களும் கேள்விக்குறிகளும் கலந்த ஒரு குப்பை திரையில் வந்து நின்றது. காரணத்தை அவள்தான் விளக்கினாள். அக்காலத்து அச்சு எழுத்துருக்கள் பல, ஆங்கில எழுத்துக்களுக்குரிய ஆசனங்களில் தமிழ் எழுத்துக்களின் உருவத்தை உட்கார வைத்தவை. அந்த எழுத்துரு இல்லாத இடத்தில் வேஷம் கலைந்து ஆங்கிலமே தெரியும். யூனிகோடு முறையிலோ தமிழ் எழுத்துக்களுக்கு அவற்றுக்கே உரிய எண்கள் உண்டு. 1991-இல் வெளிவந்த அதன் முதற் பதிப்பிலேயே தமிழுக்கு இடம் கிடைத்துவிட்டது. ஆனால் அச்சகங்கள் வெகு காலம் பழைய எழுத்துருக்களையே கட்டிக்கொண்டு அழுதன. பழைய அச்சுக் கோப்பை வைத்திருக்கும் அன்பர்கள் இதை நினைவில் கொள்க. ஒன்று, அதைத் தக்க கருவி கொண்டு யூனிகோடுக்கு மாற்றி எழுத்தெழுத்தாய்ச் சரிபார்க்க வேண்டும். அல்லது புதிதாகத் தட்டச்சு செய்ய வேண்டும். நாங்கள் புதிதாகவே தட்டச்சு செய்தோம். நான் மும்முறை புரூப் பார்த்தேன். ஓர் ஒற்றுப்பிழைகூட இல்லை என்று கையெழுத்திடாத குறையாக ஒப்புதல் கொடுத்தேன்.

ஒற்றுப்பிழை இல்லைதான். ஆனால் பொருட்பிழை இருந்தது.

*

2024-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நாகபுரியிலிருந்து ஓர் அம்மாள் எழுதிய கடிதம் வந்தது. மின்னஞ்சலில் வந்ததை மகள் காகிதத்தில் எடுத்துத் தகப்பனாரிடம் கொடுத்திருந்தாள். அதன் சாரம் இது: அந்த அம்மாளின் தாயார் நாற்பது ஆண்டுகள் மாதுங்காவில் வாழ்ந்தவர். இப்போது மகளோடு நாகபுரியில் இருக்கிறார். படுக்கையை விட்டு அதிகம் எழுந்திருப்பதில்லை. அவருக்கு எதிலும் ருசியில்லை. “மாதுங்காக் கடைப் பொடியில் ஒரு வாய் காப்பி வேண்டும்” என்று மட்டும் சொன்னாராம். மகள் வலைத்தளத்தைத் தேடிப் பிடித்து, “தூய காப்பிப் பொடி வகைகள்” என்பதன்கீழ் முதலில் இருந்ததை அரைக் கிலோ வரவழைத்தாள். டிகாக்ஷன் இறக்கிக் கொடுத்தாள். தாயார் ஒரு வாய் குடித்துவிட்டு, டம்ளரை நீட்டி, “இது நம் கடைப் பொடி இல்லை” என்று சொல்லிவிட்டாராம்.

பிறகுதான் மகள் பொட்டலத்தைத் திருப்பிப் பார்த்திருக்கிறாள். காப்பி 70 சதவிகிதம், சிக்கரி 30 சதவிகிதம் என்று அதில் அச்சிட்டிருந்தது. தாயார் எந்நாளும் சிக்கரி கலந்து குடித்ததில்லை. கடிதத்தின் கடைசி வாக்கியம் எனக்கு மனப்பாடமாகிவிட்டது: “பொட்டலத்தின்மேல் சொன்னதை, வாங்குவதற்கு முன்னால் அல்லவா சொல்லியிருக்க வேண்டும்?”

பெரியவர் அந்தக் காகிதத்தை மடித்து மேஜைமேல் வைத்தார். சிறிது நேரம் பேசவில்லை. பிறகு என்னைப் பார்த்து, “தம்பி, நம் கடை பொய் சொல்லிவிட்டதா?” என்று கேட்டார்.

நான் என்ன பதில் சொல்வது? அவர் ஐம்பது ஆண்டுகளில் கல்லாவில் உட்கார்ந்து ஒரு பொய் சொல்லி நான் கேட்டதில்லை. 1987-இல் “தூய” என்ற சொல்லை அவர் விரும்பியதற்கு நியாயமான காரணம் இருந்தது. புளியங்கொட்டைத் தோலை வறுத்துக் காப்பிப் பொடியில் கலக்கும் அக்கிரமம் உலகறிந்தது. தம் பொடியில் அது கிடையாது என்பதே அவர் கருத்து. சிக்கரி கலப்படம் அன்று. அது ஒரு செடியின் வேர். வறுத்து அரைத்துக் கலந்தால் டிகாக்ஷன் கெட்டியாகவும் கருமையாகவும் இறங்கும். அதை விரும்பிக் கேட்டு வாங்குகிறவர்கள் அநேகர். சட்டமும் அதை அனுமதிக்கிறது. கலவையில் காப்பி 51 சதவிகிதத்துக்குக் குறையக் கூடாது என்பதும், இரண்டின் அளவையும் பொட்டலத்தின்மேல் அச்சிட வேண்டும் என்பதுமே நிபந்தனை. கடை அதை ஒழுங்காகச் செய்தே வந்திருக்கிறது.

அப்படியானால் பிழை எங்கே நேர்ந்தது? அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. பழைய நோட்டீஸை எடுத்து வைத்துக்கொண்டு பார்த்தேன். “விவரங்களுக்கும் விலைக்கும் நேரில் வருக” என்ற கடைசி வரியில் கண் நின்றது. அந்த வரியில் இருந்தது விடை.

நோட்டீஸின் வேலை ஆளைக் கடைக்கு அழைத்து வருவது மாத்திரமே. வந்தவரைப் பார்த்துப் பெரியவர், “சிக்கரி போட்டா, போடாமலா?” என்று கேட்பார். தெரிந்தவராயிருந்தால் கேட்கவும் மாட்டார். நாகபுரித் தாயார் கடை வாசலில் தலை காட்டியதுமே அவருக்குரிய கொட்டை அரவையில் விழுந்துவிடும். நோட்டீஸில் நான் சொல்லாமல் விட்டதையெல்லாம் அந்த மனிதர் முப்பத்தாறு ஆண்டுகளாகத் தம் வாயால் சொல்லி நிரப்பி வந்திருக்கிறார். என் எழுத்தின் குறையை அவருடைய நாணயம் மறைத்து வைத்திருந்தது. எனக்கு அது தெரியாமலே போயிற்று.

வலைத்தளமோ கடைக்கு அழைக்கும் நோட்டீஸ் அன்று, அதுவே கடை. அந்தக் கடையில் கல்லா உண்டு, கல்லாவில் ஆள் கிடையாது. நள்ளிரவில் எவரோ எந்த ஊரிலிருந்தோ வந்து நிற்பார். அவரிடம் பேசுவதற்கு அங்கே எழுத்தைத் தவிர வேறொருவரும் இல்லை. பெரியவர் சொல்ல வேண்டியதை எழுத்தே சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால், உண்மையான கடையும் பொய்க் கடையாகிவிடும்.

*

மறுநாள் காலை பெரியவரிடம் போய், “அண்ணா, மூன்று நாட்கள் உங்கள் பக்கத்தில் ஒரு ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொள்ள வேண்டும்” என்றேன். கையில் ஒரு நோட்டுப் புத்தகம். வருகிறவர்கள் என்ன கேட்கிறார்கள், அவர் என்ன பதில் சொல்கிறார் என்பதை மாத்திரம் எழுதிக்கொண்டே வந்தேன்.

“சிக்கரி எவ்வளவு போட்டிருக்கிறீர்கள்?” “எங்கள் வீட்டில் எருமைப் பால், எது ஒத்துவரும்?” “பில்டரில் ஓட்டை பெரிதாயிருக்கிறது. பொடி கீழே இறங்கிவிடுகிறதே?” “ஒரு கிலோ வாங்கி வைத்தால் எத்தனை நாள் மணம் நிற்கும்?” “ஊருக்கு அனுப்புவீர்களா? தபால் செலவு யாருடையது?” இவையே மாற்றி மாற்றி வந்தன. கடைசிக்கு முந்திய கேள்விக்குப் பெரியவரின் பதிலை நான் அடிக்கோடிட்டு வைத்தேன்: “அரைத்த பொடி நாளுக்கு நாள் மணம் இழக்கும். ஒரு கிலோ வேண்டாம். கால் கிலோவாக வாங்கி, காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள்.” எந்த விளம்பர எழுத்தாளனாவது ‘குறைவாக வாங்குங்கள்’ என்று எழுதுவானா? ஆனால் அந்த ஒரு வாக்கியத்தைக் கேட்டவர் எவரும் அதன்பின் வேறு கடைக்குப் போகமாட்டார்.

மூன்று நாட்களில் ஒருவர்கூட, “மணத்தால் அழைக்குமா? சுவையால் நிறுத்துமா?” என்று கேட்கவில்லை என்பதையும் உண்மையை உரைக்கும் பொருட்டு இங்கே பதிவு செய்கிறேன்.

கடைக்காரரின் மகள் எனக்கு ஒரு பழைய ஆராய்ச்சியை எடுத்துக் காட்டினாள். 1997-இல் ஜேக்கப் நீல்சன் என்பவரும் அவருடைய துணைவர் ஜான் மோர்க்ஸ் என்பவரும் வலைத்தளத்தை மக்கள் எப்படி வாசிக்கிறார்கள் என்று சோதித்தார்கள். புதிய பக்கம் ஒன்றைக் கண்டதும் 79 சதவிகிதம் பேர் கண்ணை மேய விட்டார்களாம். சொல் சொல்லாக வாசித்தவர்கள் 16 சதவிகிதமே. பின்னர், அமெரிக்காவில் நெப்ராஸ்கா மாநிலத்துச் சுற்றுலாவைப் பற்றிய விளம்பரப் பத்தி ஒன்றை ஐந்து விதமாக எழுதிப் பார்த்தார்கள். சொற்களைப் பாதியாகக் குறைத்தபோது பயன் 58 சதவிகிதம் கூடிற்று. கண்ணுக்கு எளிதாகப் பிரித்து வரிசைப்படுத்தியபோது 47 சதவிகிதம். பெருமிதச் சொற்களை நீக்கிச் செய்தியை மட்டும் வைத்தபோது 27 சதவிகிதம். மூன்றையும் சேர்த்துச் செய்தபோது 124 சதவிகிதம்! பெருமிதச் சொல்லைப் படிக்கிறவர், அதிலே எவ்வளவு உண்மை என்று பிரித்துப் பார்க்கவும் உழைப்பைச் செலவிட வேண்டியிருக்கிறது என்பது அவர்கள் ஊகித்த காரணம். என் நீண்ட பத்தியை நினைத்துக்கொண்டேன். வாசகர் தலைமேல் நான் வைத்த சுமை எவ்வளவு!

பிறகு மூவரும் உட்கார்ந்து பக்கத்தை மறுபடி எழுதினோம். என்ன செய்தோம் என்பதை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

“அன்புடையீர்” முதல் அந்த நீண்ட பத்தி முழுவதையும் எடுத்தோம். அதனிடத்தில், “வறுத்து அரைத்த காப்பிப் பொடி. மாதுங்கா, மும்பை. சிக்கரி இல்லாதது, சிக்கரி கலந்தது என இரு வகை. இந்தியா முழுவதும் அனுப்புகிறோம்” என்று நான்கு சிறு வாக்கியங்கள். “தூய” என்ற சொல்லைத் தலைப்பிலிருந்து நீக்கினோம். 2018-இல் வந்த உணவு விளம்பர விதிகளின்படியும், வேறெதுவும் சேராத ஒற்றைப் பண்டத்துக்கே அந்தச் சொல் பொருந்தும் என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். ஒவ்வொரு வகைக்கும் பக்கத்திலேயே காப்பி இத்தனை, சிக்கரி இத்தனை என்று எண்ணால் எழுதினோம். சிக்கரி இல்லாத இடத்திலும் “சிக்கரி இல்லை” என்று எழுதினோம். எழுதாமல் விட்டால் இல்லை என்று பொருள்படும் என நாம் நினைப்போம்; படிக்கிறவருக்கு அது எப்படித் தெரியும்?

“மறுபக்கம் பார்க்க,” “மேற்கண்ட,” “இத்துண்டுப் பிரசுரத்தைக் கொண்டு வருவோருக்கு” என்பன போன்ற சொற்றொடர்களைத் தேடித் தேடி நீக்கினோம். கைபேசியில் மறுபக்கம் என்பது மேஜையைப் பார்த்துக்கொண்டிருக்கும் பக்கமே. மேலும், நோட்டீஸை வாசிப்பவர் மேலிருந்து தொடங்குவார். வலைத்தளத்துக்கு வருகிறவரோ தேடுபொறியின் கையைப் பிடித்துக்கொண்டு எந்தப் பக்கத்தின் வழியாகவும் உள்ளே நுழைவார். முன்பக்கத்தில் சொல்லிவிட்டோமே என்று எந்தப் பக்கமும் இருந்துவிட முடியாது. ஒவ்வொரு பக்கமும் கடையின் பெயரையும் ஊரையும் பொருளையும் தானே சொல்லவேண்டும்.

காபி, காப்பி, காஃபி என்று நம்மவர்கள் மூன்று விதமாக எழுதுகிறார்கள். நான் ‘காப்பி’யே சரி என்று புரூப் அறைப் பிடிவாதத்தோடு இருந்தேன். “மாமா, தேடுகிறவர் எப்படி எழுதுகிறாரோ அப்படித்தான் அவருக்குக் கிடைக்கவேண்டும்” என்றாள் அவள். ஆகவே தலைப்பில் ஒன்று, விளக்கத்தில் மற்றொன்று என்று இடம் கொடுத்தேன். ஆங்கிலப் பக்கத்தை மொழிபெயர்க்காமல் புதிதாகவே எழுதினோம். மராத்தி பேசும் அண்டை வீட்டாருக்கும் குஜராத்தி நண்பருக்கும் பில்டரில் பொடி போட்டுச் சுடுநீர் ஊற்றிக் காத்திருப்பது எப்படி என்பதிலிருந்து சொல்லவேண்டும். நமக்கு அது சொல்லத் தேவையில்லாத விஷயம். ஒவ்வொரு படத்துக்கும் அது என்ன படம் என்று ஒரு வரி உள்ளே எழுதி வைத்தோம். முலுண்டு நண்பரின் கைபேசி இப்போது “படம்” என்று நின்றுவிடுவதில்லை. “பித்தளைப் பில்டரும் கால் கிலோப் பொட்டலமும்” என்று அவருக்குச் சொல்கிறதாம்.

சட்டம் கேட்பவையும் சில உண்டு. பொட்டலப் பண்டங்களை இணையத்தில் விற்பவர், தயாரிப்பாளர் பெயர் முகவரி, நிகர எடை, அதிகபட்ச சில்லறை விலை முதலியவற்றைப் பக்கத்திலேயே காட்டவேண்டும் என்பது 2018 ஜனவரி முதல் நடைமுறை. 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள், விற்பவரின் முகவரியும், குறை சொல்வதற்கு ஒருவருடைய பெயரும் தொடர்பும், பணம் திருப்பித் தரும் முறையும் தெரியவேண்டும் என்கின்றன. நாகபுரி அம்மாள் கடிதத்தில் கேட்டதும் இதைத்தானே? சட்டம் எழுதியவர்களும் என்றோ ஒரு நாள் ஆளில்லாத கல்லாவின் முன் நின்று திகைத்தவர்களாகவே இருக்கவேண்டும்.

*

எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைத்தோம். அச்சில் அப்படி நினைக்கலாம்; 5,000 பிரதி அச்சாகி வந்துவிட்டால் அதை அடுத்த தீபாவளி வரை மறந்துவிடலாம். வலைத்தளம் அப்படியன்று. 2024-இல் பிரேசிலிலும் வியட்நாமிலும் வறட்சி கண்டது. உலகச் சந்தையில் காப்பி விலை ஏறிக்கொண்டே போயிற்று. அவ்வாண்டு டிசம்பரில் நியூயார்க்கில் அராபிகாவின் விலை 1977-ஆம் ஆண்டின் உச்சத்தையும் தாண்டிவிட்டது. கடையிலும் விலையை ஏற்ற வேண்டி வந்தது. முன்காலமாயிருந்தால் நோட்டீஸின் விலைமீது ஒரு சிறு காகிதத் துண்டை ஒட்டுவோம். இப்போது மகள் பட்டியலில் மாற்றினாள், முகப்பிலும் மாற்றினாள். ஆனால் “பில்டர் காப்பி போடும் முறை” என்ற பக்கத்தின் அடியில் நான் ஆர்வக்கோளாறாய் எழுதி வைத்திருந்த பழைய விலையை எவரும் கவனிக்கவில்லை.

டோம்பிவிலியிலிருந்து ஒருவர் அந்த விலையைக் காட்டி ஐந்து கிலோ கேட்டு எழுதினார். வீட்டில் கல்யாணமாம். மகள் திகைத்துப் போனாள். பெரியவர், “எழுதியது நாம்தானே? அந்த விலைக்கே கொடு” என்று சொல்லிவிட்டார். நஷ்டம் அவருடையது, பாடம் என்னுடையது. அன்று முதல் விலை என்பது ஒரே ஓர் இடத்தில்தான் இருக்கும்; அதன் பக்கத்தில் “இன்ன தேதி முதல்” என்றும் இருக்கும். மற்றப் பக்கங்கள் அந்த இடத்துக்கு வழிகாட்டுமே தவிர, தாமாக விலை சொல்லா. மாதம் ஒரு முறை, முதல் ஞாயிற்றுக்கிழமை, நானும் அவளும் எல்லாப் பக்கங்களையும் கைபேசியில் ஒரு தடவை வாசித்து விடுகிறோம். எனக்குப் பழைய புரூப் வேலை திரும்பக் கிடைத்துவிட்டது.

“மணத்தால் அழைக்கும், சுவையால் நிறுத்தும்” என்ற வரி என்னவாயிற்று என்று சில அன்பர்கள் கேட்கக்கூடும். வலைத்தளத்திலிருந்து அதை நானே நீக்கினேன். ஆனால் பெரியவர் விடவில்லை. “அது நம் கடைக்குப் பிறந்த பிள்ளை, தெருவில் விடக்கூடாது” என்று சொல்லி, கடையில் கொடுக்கும் துணிப்பையின்மேல் அச்சடிக்கச் செய்துவிட்டார். பையைக் கையில் பிடித்துப் போகிறவர் பொடியை வாங்கிவிட்டவர். அவருடைய பைக்குள்ளிருந்து மணமும் வந்துகொண்டிருக்கும். அந்த வரி அங்கே இருப்பதில் யாருக்கும் மோசமில்லை.

நாகபுரிக் கடிதத்துக்குப் பதிலைப் பெரியவர் தாமே சொல்லச் சொல்ல மகள் எழுதினாள். தவறு எங்களுடையது என்பதே முதல் வாக்கியம். கூடவே, சிக்கரியில்லாத பொடி கால் கிலோ அரைத்து, பணம் வேண்டாம் என்று சொல்லி அனுப்பி வைத்தார். எந்தக் கொட்டை, என்ன வறுவல் என்று அவருக்கு எவரும் நினைவூட்ட வேண்டியிருக்கவில்லை. பதினைந்து நாட்களுக்குப் பிறகு அந்த அம்மாளிடமிருந்து நான்கு வரி வந்தது. “அம்மா குடித்தாள். ஒன்றும் சொல்லவில்லை. எங்கள் அம்மா குறை சொல்லவில்லை என்றால் நன்றாயிருக்கிறது என்று அர்த்தம். டம்ளர் காலியாக இருந்தது” என்று எழுதியிருந்தாள்.

பெரியவர் அந்தக் காகிதத்தையும் மடித்து, முன்பு வந்ததன்மேல் வைத்தார். இரண்டும் இன்னும் கல்லாப் பெட்டியில் இருக்கின்றன.

தொழில் நடத்தும் நம் சங்கத்து அன்பர்களுக்கு என் பணிவான விண்ணப்பம் ஒன்று. உங்கள் பழைய நோட்டீஸை இணையத்தில் ஏற்றுமுன், அதை மேஜைமேல் வைத்துவிட்டு, கல்லாவில் உட்காரும் உங்கள் தகப்பனார் பக்கத்திலோ, வாசலில் அப்பளம் விற்கும் உங்கள் தாயார் பக்கத்திலோ ஒரு காலைப்பொழுது உட்கார்ந்து பாருங்கள். வருகிறவர்களிடம் அவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று கேளுங்கள். அதை எழுதிக்கொள்ளுங்கள். நாளை அவர்கள் அங்கே உட்காராத காலம் வரும்போதும், கடை பேசவேண்டிய பேச்சு அதுதான்.